கிரேன் தாத்தாவுக்கு ஒரு பாராட்டு விழா

அந்தக் குடியிருப்பில் 'கிரேன்' வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட இரண்டாம் மாடியைக் கை காட்டும். சரக்குக் கிடங்கில் முப்பத்தெட்டு வருஷம் மூட்டை தூக்கிய தாத்தாவுக்கு, உடன் வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. ஓய்வு கிடைத்ததும் மூட்டையை விட்டார். தூக்குவது அவரை விடவில்லை. கூரை மாற்றும் வேலைக்குப் போன மகன் கால் வழுக்கி விழுந்து, கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். மருமகள் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். மிச்சம் இருந்தது அப்போது பதினாறு வயதில் ஒரு பேத்தி. ஆக, பதினொரு வருஷமாகக் கிரேனுக்கு ஒரே சுமைதான், ஆனால் அதை இறக்கி வைக்க இடமில்லை.

அசையாத உடம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் போட வேண்டும். தவறினால் தோல் சிவக்கும், சிவந்தது புண்ணாகும், புண் எலும்புவரை போகும். வலது பக்கம், மல்லாக்க, இடது பக்கம், மறுபடி முதலிலிருந்து. பகல் ராத்திரி என்ற கணக்கெல்லாம் அதற்குக் கிடையாது. தாத்தா ஒரு முழங்காலைக் கட்டிலில் ஊன்றிக்கொள்வார். மகனுக்கு அடியில் மடித்துப் போட்ட துணியை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுப்பார். தோளுக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை கொடுத்து உருட்டுவார். முதுகுக்கு ஒரு தலையணை, முட்டிகளுக்கு நடுவே ஒரு தலையணை. பிறகு இடுப்பெலும்பு மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பார். அழுத்தும்போது சிவப்பு மறைந்தால் பயமில்லை. பதினொரு வருஷத்தில் ஒரு புண் வந்ததில்லை. வீட்டுக்கு வந்து பார்க்கும் டாக்டர் இதை ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுப் போவார்.

எழுபத்து நாலு வயதில் அவருக்கு முடியவில்லை. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? டாக்டருக்குத் தெரியும், கீழ் வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியும், கட்டிலில் கிடக்கும் மகனுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். தெரியாத ஒரே ஜீவன் பேத்திதான். அவளுக்குத்தான் தாத்தா என்றால் உயிர்.

அவள் கெட்ட பெண் இல்லை. காலை ஏழு மணிக்குக் கிளம்பி, ஒரு தொலைபேசி நிறுவனத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஊரார் புகாரைக் கேட்டு, 'மன்னிக்கணும் சார்' என்று நூறு தரம் சொல்லி, வீடு வந்து சேரும்போது அவளே பிழிந்து போட்ட துணியாகத்தான் இருப்பாள். வந்ததும் சமைப்பாள், துவைப்பாள், அப்பாவுக்கு ஊட்டிவிடுவாள். திருப்பிப் போடுகிற வேலையை மட்டும் தாத்தா அவளிடம் விட்டதில்லை. தூக்குவதில் ஒரு முறை இருக்கிறது, இது உனக்கு வராது என்பார். அவளும் நம்பிவிட்டாள். நம்பினால் தூங்கலாம் அல்லவா?

அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் தாத்தா கதைகளுக்குத் தனி மவுசு. ஒருநாள் தேநீரில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டாராம். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போனாராம். வாயில் பிரஷ்ஷோடு சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கினாராம். தோழிகள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். 'இந்த வயசுலயும் எப்படி இருக்காரு பாருங்க, இரும்பு' என்று இவள் முடிப்பாள். தூக்கம் கெட்ட மனுஷன் தள்ளாடுகிறான் என்று அங்கே இருந்த ஒருத்திக்காவது தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை.

குடியிருப்புச் சங்கம் ஆண்டு விழாவில் யாரையாவது பாராட்டலாம் என்று ஆள் தேடியபோது இவள் முந்திக்கொண்டு தாத்தாவைச் சொன்னாள். நாலு சாயங்காலம் உட்கார்ந்து அவர் வாழ்க்கையைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதினாள். அந்த நாலு சாயங்காலமும் பக்கத்து அறையில் அவர் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

விழா நாலரை மணிக்கு. நாலு மணிக்கு மகனைத் திருப்பிப் போட்டுவிட்டு, பக்கத்தில் கீழ் வீட்டுக்காரம்மாவை உட்கார வைத்துவிட்டு, ஆறு மணிக்குள் விட்டுவிடுவார்கள்தானே என்று மூன்று தரம் கேட்டுக்கொண்டுதான் தாத்தா இறங்கினார். சங்கத்துச் செயலாளருக்கு ஒலிபெருக்கி கிடைத்தால் கேட்கவேண்டுமா? குடிநீர்க் குழாயில் ஆரம்பித்து வாகன நிறுத்தம்வரை பேசி முடிக்கும்போதே ஐந்தரை தாண்டிவிட்டது. மேடையில் கை வைத்த மெத்தை நாற்காலி ஒன்றில் தாத்தாவை உட்கார்த்தியிருந்தார்கள். அவர் மடியில் ஒரு கேடயம்.

பேத்தி படிக்க ஆரம்பித்தாள். "எங்க தாத்தா அசந்து உட்கார்ந்து நான் பார்த்ததே இல்ல" என்பது இரண்டாம் பக்கத்தின் முதல் வரி. அதைப் படித்ததும் கூட்டம் சிரித்தது. இவளுக்குப் புரியவில்லை. திரும்பிப் பார்த்தாள். தாத்தா வாயைத் திறந்து, தலை ஒரு பக்கம் தொங்க, அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

முகம் சிவந்து போயிற்று அவளுக்கு. மானம் போகிறதே என்று சத்தத்தைக் கூட்டிப் படித்தாள். செயலாளர் இன்னும் ஒரு படி மேலே போய், விழா நாயகரை எழுப்பி இரண்டு வார்த்தை பேச வைப்போம் என்று அவர் தோளைத் தட்டி, ஒலிபெருக்கியை வாயருகே நீட்டினார். தாத்தா தூக்கிவாரிப் போட்டு எழுந்தார்.

"மணி ஆயிடுச்சா? திருப்பணுமா? இதோ, இதோ வந்துட்டேன்பா."

கூடம் முழுக்கக் கேட்டது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. கேடயம் தரையில் விழ, அவர் இரண்டு கையையும் நீட்டி, அங்கே இல்லாத துணியின் விளிம்பைத் தேடிக்கொண்டிருந்தார். கண் பாதிதான் திறந்திருந்தது. அந்தக் கைகள் நடுங்குவதைப் பேத்தி பார்த்தாள். அது நேற்று வந்த நடுக்கம் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. எட்டுப் பக்கம் எழுதியவளுக்கு இது கண்ணில் படவே இல்லை.

அவர் கைகளைப் பிடித்து உட்கார வைத்தாள். காதருகே குனிந்து, "திருப்பியாச்சு தாத்தா, நீங்க தூங்குங்க" என்று பொய் சொன்னாள். அவர் 'ம்' என்றார். அப்படியே மறுபடி தூங்கிப்போனார். செயலாளரிடம், இனி பேசுவதாக இருந்தால் வெளியே போய்ப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டுப் படியேறி வீட்டுக்கு ஓடினாள்.

மணி ஆறு அடித்துப் பத்து நிமிஷம். முழங்காலை ஊன்றித் துணியைப் பிடித்து இழுத்தாள். அப்பா அசையவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். பாதி உருண்டதும் அப்பாவின் கை அவர் உடம்புக்கு அடியிலேயே மாட்டிக்கொண்டது. கீழ் வீட்டுக்காரம்மா வந்து கையை எடுத்துவிட்டார். ஒருவழியாகத் திருப்பிப் போட்டு நிமிர்வதற்குள் அவளுக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது. ஒரு தரத்துக்கே இப்படி. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தரம் என்று மனசு தானாகப் பெருக்க ஆரம்பித்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். கீழ் வீட்டுக்காரம்மா ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போனார்.

அப்பா சுவரைப் பார்த்தபடி பேசினார்.

"ரெண்டு வருஷமாவே அவருக்கு முடியலம்மா. உங்கிட்ட சொல்றேன்னு நான் வாயெடுத்தாலே கோவம் வந்துடும். 'புள்ள என்னைப் பத்தி எவ்வளவு பெருசா நினைச்சுக்கிட்டு இருக்கு, நீ கெடுத்துடாதே'ம்பாரு. நீ அவரைப் பத்திப் பேசுறதைக் கதவுக்குப் பின்னால நின்னு கேப்பாரு."

இத்தனை நாள் பாசம் பாசம் என்று தான் அள்ளிக் கொட்டியதெல்லாம் அந்த மனுஷனை உட்காரவிடாமல் வேலை வாங்கிய சவுக்குத்தான் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு கூசியது.

ஏழரை மணிக்குத் தாத்தா வந்தார். இரண்டு மாடியையும் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்திருந்தார். தூங்கித் தொலைத்த தன்னையே திட்டிக்கொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே கட்டிலுக்குப் போய், போர்வையை விலக்கிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். முட்டிகளுக்கு நடுவே தலையணை இல்லை என்று கண்டுபிடித்தார். எடுத்து வைக்கப் போனவரை அவள் தடுத்து, தானே வைத்தாள். அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"தாத்தா, உங்களால முடியுதா?"

பதினொரு வருஷத்தில் அவள் கேட்காத கேள்வி. கிரேனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது என்று சிரித்து மழுப்பத்தான் அவர் வாயைத் திறந்தார். சிரிப்பு வரவில்லை. மகனைப் பார்த்தார். மகன் கண்ணை மூடிக்கொண்டார். தாத்தா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"இல்ல பாப்பா," என்றார். "முடியல."

சொல்லிவிட்டு, பயந்துபோய் அவள் முகத்தைப் பார்த்தார்.