ஒட்டுக்கறி

பல்லாவரத்தில் கறி பதப்படுத்தும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. எலும்பை எடுத்தபின் மிஞ்சும் துண்டு துணுக்குகளில் ஒரு வெள்ளைத் தூளைத் தூவிப் பிசைந்து, பிளாஸ்டிக் தாளில் இறுக்கி உருட்டி, குளிர் அறையில் வைப்போம். தூளில் இருப்பது என்சைம். மறுநாள் பிரித்தால் முழுச் சதையாக இருக்கும், வெட்டினாலும் உதிராது. "ஊர ஏமாத்தறதுக்கு உனக்கு சம்பளம் வேற" என்பார் அப்பா. தாம்பரத்தில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கறி விஷயத்தில் நீதிபதி.

அந்த நீதிபதிக்கு வாயில் புற்றுநோய் வந்தது. கதிர்வீச்சு கொடுக்கும் முன் பற்களை எல்லாம் எடுத்துவிட்டார்கள். கறியைக் கொத்தி, குழைய வேகவைத்துக் கொடுத்தோம். மற்ற நாட்களில் கஞ்சியாவது இறங்கும். ஞாயிற்றுக்கிழமை கறி வைத்தால் தட்டைத் தள்ளிவிடுவார்.

"இன்னாத்துக்கு இது? பச்சப் புள்ளைக்கு ஊட்டற மாதிரி கீது."

ஆள் இளைத்துக்கொண்டே போனார். எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த நிலைமையிலும் மனுஷனுக்கு என்ன வீம்பு என்று அம்மாவிடம் கத்தினேன்.

"வீம்பு இல்லடி. எனக்குப் பிச்சி வெக்க முடியலன்னு" என்றார் அம்மா.

அப்போதுதான் உறைத்தது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, ஞாயிறு தோறும் தன் முதல் துண்டைப் பிய்த்து, பாதியை அம்மா தட்டில் வைத்த பிறகுதான் அப்பா சாப்பிடுவார். கூழை எப்படிப் பிய்ப்பது?

சூப்பர்வைசரிடம் கேட்டுக் கொஞ்சம் தூள் வாங்கி வந்தேன். கொத்துக்கறியில் கலந்து, உருட்டி, ஃப்ரிட்ஜில் வைத்தேன். கம்பெனிப் பழக்கத்தில் தாராளமாகப் போட்டுவிட்டதால் முதல் துண்டு ரப்பர் மாதிரி ஆகிவிட்டது. அப்பா துப்பிவிட்டு, "பல்லாவரத்துத் தோல் ஷாப்புல எடுத்த தோலா இது?" என்றார். நோய் வந்த பிறகு அன்றுதான் சிரித்தார்.

அடுத்த வாரம் தூளைக் குறைத்தேன். உள்ளே வரை வெந்தும் மெத்தென்று இருந்தது. உருவம் மட்டும் துண்டு. அப்பா விரலால் அழுத்திப் பார்த்தார். பிய்த்தார். பாதி அம்மா தட்டுக்குப் போனது. ஏமாற்று வேலைதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்படிச் சில ஞாயிறுகள்தான் கிடைத்தன.

காரியம் முடிந்து கறிச்சோறு படைக்கும் நாளில் சித்தப்பா பெருங்களத்தூரில் நல்ல நெஞ்செலும்புக் கறியாகப் பார்த்து வாங்கி வந்தார். அப்பாவுக்கு உயிரான கறி. இலை போட்டு, படத்தின் முன் வைத்தோம். கற்பூரம் ஏற்றப் போகும்போது அம்மா என் கையைப் பிடித்தார்.

"இத எப்டிடி மெல்லுவாரு? நீ ஒட்டிக் குடுப்பியே, அத வை."

"அதுக்கு ஒரு ராத்திரி வேணும்மா."

"செத்தவங்களுக்குப் பல்லு இன்னாத்துக்கு அண்ணி? நேரமாவுது" என்றார் சித்தப்பா. அம்மா இலையிலிருந்த எலும்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். படையலை மறுநாளைக்குத் தள்ளிவைத்தோம்.

மறுநாள் தூள் போட்டுச் செய்த துண்டை இலையில் வைத்தேன். கும்பிட்டு முடித்ததும் அம்மா இலைக்குப் பக்கத்தில் தன் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சோறு ஆறிப்போயிற்று. சாப்பிடச் சொன்னேன்.

"இரு" என்றார். "அவரு இன்னும் வெக்கல."