பொழுது சாயும்போது என் மகளின் கால்

என் மகள் ஜெனிற்றாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு நான் நம் சபையின் பின்னேரக் கூட்டங்களுக்கு வந்ததை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். எட்டு வயதுப் பிள்ளையை இப்படிச் சுமக்கிறாளே, இவளுக்கு என்ன செல்லம் என்று நினைத்திருப்பீர்கள். நினைத்ததை என் காதுபடச் சொன்னவர்களும் உண்டு. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கவில்லை என்று சொன்னால் அது பொய். கோபம் இருந்தது. இப்போது குறைந்திருக்கிறது. மிச்சமும் போக ஜெபிக்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் றெஜினா. திருகோணமலையில் துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கிறோம். கணவர் அன்ரன் படகில் கடலுக்குப் போகிறவர். நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன். ஜெனிற்றா மூத்தவள். அவளுக்குப் பின்னால் ஒரு கைக்குழந்தை இருக்கிறான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆண்டவரோடும் அப்படித்தான் கதைப்பேன். இந்தச் சாட்சியிலும் அது தெரியவரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் இரண்டாம் வகுப்பில் படிக்கும்போது நுனிக்காலில் நடக்கத் தொடங்கினாள். டான்ஸ் ஆடுகிறாள் என்று சிரித்தோம். பிறகு இடது பாதம் உட்பக்கமாகத் திரும்பத் தொடங்கியது. செருப்பு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து விளையாடப் போனால் முழங்கால் உரசி, அழுதுகொண்டு வருவாள். ஒருநாள் அந்தப் பாதத்தை என் மடியில் வைத்து நேராக்கப் பார்த்தேன். இறுகிப் போயிருந்தது. “விளையாடாத, காலை விடு” என்று அதட்டினேன். அவள் முகம் சிவந்து போனது.

“நான் ஒண்டும் செய்யேல்ல அம்மா. கால்தான் தானாச் செய்யுது.”

அன்றைக்கு எனக்குப் பயம் பிடித்தது. அதன்பிறகு அது விடவே இல்லை.

இந்த வருத்தத்தில், இந்த நோயில், ஒரு விசித்திரமான புதினம் இருந்தது. காலையில் எழும்பினால் பிள்ளைக்கு ஒன்றுமே இராது. ஓடுவாள், துள்ளுவாள், தம்பியைத் தூக்குவாள். மத்தியானம் தாண்டினால் கால் இழுக்கத் தொடங்கும். பொழுது சாய்ந்தால் சுவரைப் பிடித்துத்தான் நடப்பாள். சில நாட்களில் கையும் பின்னுக்கு முறுகும். அடுத்த நாள் விடிந்தால் திரும்பவும் நல்ல பிள்ளை. இதைக் கண்ட அயலவர்கள் சும்மா இருப்பார்களா? கருக்கல் நேரத்தில் எதையோ கண்டு பயந்துவிட்டாள் என்றார்கள். நூல் கட்டச் சொன்னார்கள். தண்ணீர் ஓதிக் கொடுக்க ஆள் இருக்கிறது என்றார்கள். நான் ஒன்றுக்கும் போகவில்லை. எனக்கு என் ஆண்டவர் போதும் என்று நின்றேன்.

டொக்டர்மாரிடம் போகாமல் இல்லை. ஆனால் கிளினிக் என்றால் காலையில்தானே? விடிய எழும்பி, நம்பர் துண்டு எடுத்து, வரிசையில் நின்று உள்ளே போனால் என் மகள் டொக்டர் முன்னால் மான்குட்டி மாதிரி நடந்து காட்டுவாள். “நட பிள்ளை” என்றால் நடப்பாள், “ஓடு” என்றால் ஓடுவாள். டொக்டர் அவளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். ஒருவர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார், ஆனால் அது நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

“தம்பி பிறந்த பிறகு பிள்ளைக்குக் கவனிப்புக் குறைஞ்சிருக்கும் அம்மா. உங்களைத் தன்ர பக்கம் இழுக்கத்தான் இப்பிடிச் செய்யிறாள்.”

காலையில் நன்றாக இருக்கிறாள், பின்னேரத்தில்தான் விழுகிறாள் என்று நீ சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதை நம்மைப் போன்ற விசுவாசிகள் மட்டும்தான் விளங்கிக்கொள்வார்கள். நான் தினமும் விடியற்காலையில் முழங்காலில் நின்று பிள்ளைக்காக ஜெபித்துவிட்டுத்தான் அவளை எழுப்புவேன். அவள் எழும்பி நடப்பாள். அப்படியென்றால் அது ஜெபத்துக்குக் கிடைத்த சுகம்தானே? பின்னேரம் விழுந்தால் என் விசுவாசம் பகலில் எங்கேயோ ஓட்டையாகிவிட்டது என்று நம்பினேன். ஆண்டவர் தந்த சுகத்தை டொக்டரிடம் நோயின் அடையாளமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எவ்வளவோ வாய் காட்டுகிறவள், சொல்லவேண்டிய ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டேன்.

அந்த ஞாயிறு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உபவாச ஜெபம் முடிந்த காலை ஆராதனையில் பாஸ்டர் ஜெனிற்றாவின் தலையில் கை வைத்து ஜெபித்தார். அவள் சபையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடிக் காட்டினாள். எல்லோரும் கை தட்டி அல்லேலூயா சொன்னீர்கள். நான் ஒலிவாங்கியைப் பிடித்து, என் பிள்ளை சுகமானாள் என்று சாட்சி சொல்லி அழுதேன். அதே நாள் பின்னேரம் ஒரு வீட்டில் நன்றிக் கூட்டம் வைத்தோம். பாட்டுப் படிக்க எழும்பிய பிள்ளை, எல்லோருக்கும் முன்னால் கால் பின்னி, கதிரையோடு சேர்ந்து விழுந்தாள்.

சிலர் கதிரையைத் தூக்கி நிமிர்த்தினார்கள். பிறகு ஒரு சகோதரி மெதுவாக, “தாய்க்கு விசுவாசம் காணாது, இன்னும் வேணும்” என்றார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செருப்பும் போடாமல் வெளியே வந்துவிட்டேன். வழியில் அவள் என் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அம்மா, இயேசப்பா காலமையில மட்டுந்தான் வேலை செய்வாரோ?”

 சத்தமாக அழுதால் அவள் பயந்துவிடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

அதற்குப் பிறகு எல்லாம் கெடுதலாகத்தான் போனது. அவளுடைய நல்ல நேரம் சுருங்கத் தொடங்கியது. முதலில் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரைக்கும் கால் தாங்கியது. பிறகு இடைவேளைக்கே இழுக்கத் தொடங்கியது. ரீச்சர் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார், நான் தைத்துக்கொண்டிருந்ததைப் போட்டுவிட்டு ஓடுவேன். இருட்டு மெல்ல மெல்ல என் பிள்ளையின் பகலைத் தின்றுகொண்டு வந்தது. ஒருநாள் காலையிலும் அவள் எழும்பமாட்டாள், அதன்பிறகு ஒன்றுமே மிஞ்சாது என்று எனக்குத் தெரிந்தது. அன்ரன் கடலிலிருந்து வந்து, சாப்பிடாமல், அவளுடைய பாதத்தைத் தடவிக்கொண்டே இருப்பார். அந்த மனிதன் அழுததை அப்போதுதான் முதல் தடவை கண்டேன்.

ஒரு பின்னேரம் கடற்கரையில் தனியாக நின்று ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். உண்மையான சண்டை. “உமக்குக் கண் இருக்குதா? தந்திட்டு ஏன் பறிக்கிறீர்? என்னைப் பைத்தியக்காரி எண்டு எல்லாரும் பார்க்கினம். ஒருத்தருக்கும் விளங்கேல்ல. நான் பார்க்கிறதை, விளங்கக்கூடிய ஒரே ஒரு ஆளுக்காவது காட்டும். சுகத்தைக் கூட இப்ப கேக்கேல்ல. காட்டும், அது போதும்.” இதுதான் என் ஜெபம். பயபக்தி அதில் கொஞ்சமும் இல்லை.  இனி ஜெபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு வந்தேன்.

கடைசியாக வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், பிள்ளைகளின் நரம்பு வருத்தங்களைப் பார்க்கும் டொக்டரிடம் காட்டத் திகதி கிடைத்தது. அதுவும் காலைக் கிளினிக்தான். கைக்குழந்தையைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு, இருட்டோடு ஜெனிற்றாவுடன் பஸ் ஏறினேன். கந்தளாய் தாண்ட முன்னமே பஸ் பெரிய சத்தத்தோடு நின்றுவிட்டது. ரிப்பேர் செய்ய ஆள் வரவேண்டும் என்றார்கள். வெயில் ஏறியது. அடுத்த பஸ்கள் எல்லாம் நிரம்பி வழிந்தன. நான் கொண்டக்டரோடு வாயைக் கொடுத்துக் களைத்துப் போனேன். பாவம், அவருக்கு அதில் என்ன பிழை? ஒரு கடைக்காரர் பிள்ளைக்குச் சோடா கொடுத்தார். வெக்கையில் அவளால் கண் மூட முடியவில்லை. நாங்கள் போய்ச் சேரும்போது கிளினிக் முடிந்து, கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“முடிஞ்சுது அம்மா. இனி அடுத்த மாதந்தான்” என்றார் அங்கே நின்ற ஊழியர்.

நான் அங்கே கிடந்த வாங்குப் பலகையில் இருந்துவிட்டேன். ஆண்டவர் என் முகத்தில் கதவைச் சாத்திவிட்டார் என்றுதான் நினைத்தேன். அடுத்த மாதம் என் பிள்ளை நடப்பாளா? அந்த நேரம் ஜெனிற்றா, “அம்மா, பாத்ரூம் போகவேணும்” என்றாள். தூக்கக் கையை நீட்டினேன். புது இடத்தில் வெட்கம் வந்திருக்க வேண்டும், தட்டிவிட்டாள். தானே எழும்பினாள். பாதம் திரும்பி, இடுப்பு வளைந்து, ஒரு கை பின்னுக்கு முறுகி, அந்த நீண்ட தாழ்வாரத்தில் ஒரு பக்கமாக இழுத்து இழுத்து நடந்தாள். பாதி தூரத்தில் விழுந்தாள்.

நான் பாய்ந்து ஓடினேன். பக்கத்து அறையிலிருந்து கையில் பையோடு வெளியே வந்த ஒரு பெண் என்னை மறித்தார்.

“இருங்க அம்மா. தூக்க வேணாம். இன்னும் ஒருக்கா நடக்கட்டும்.”

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. யார் இந்த மனுசி என்று வாயைத் திறக்கப் போனேன். அப்போதுதான் அந்த ஊழியர் ஒதுங்கி நின்று வழிவிட்டதைக் கண்டேன். அந்தப் பெண்தான் நாங்கள் தேடி வந்த டொக்டர். வீட்டுக்குப் புறப்பட்டவர். சிங்களவர், தமிழைத் தேடித் தேடிக் கதைத்தார். பிள்ளை திரும்ப எழும்பி நடந்ததைக் குனிந்து, உட்கார்ந்து, பின்னால் போய், கண் எடுக்காமல் பார்த்தார்.

“காலைல எப்படி அம்மா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். “காலமையில நல்லா நடப்பாள் டொக்டர்.”

“நல்லா எண்டா? ஓடுவாளா?”

“ஓம். ஓடுவாள்.”

“பகல் நித்திரை கொண்டு எழும்பினா?”

“அப்பவும் கொஞ்ச நேரம் நல்லாயிருப்பாள்.”

“ஏன் இத ஒருத்தருக்கும் சொல்லல்ல?”

“அது… ஜெபத்தில கிடைச்ச சுகம் எண்டு நினைச்சனான் டொக்டர்.”

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. பையைக் கீழே வைத்தார், பூட்டிய அறையைத் திறக்கச் சொன்னார். பிள்ளையின் கைகால்களை மடக்கிப் பார்த்தார். பிறகு என்னைக் கதிரையில் இருத்தி விளங்கப்படுத்தினார். இது நடிப்பு இல்லை, பேயும் இல்லை, தாயின் பிழையும் இல்லை. தசைகள் தாமாக இழுத்து முறுகுகிற ஒரு வருத்தம். அதில் பலவகை உண்டு. தசையை அசைக்க மூளைக்கு ஒரு சத்து வேண்டும், இந்தப் பிள்ளைக்கு அது போதுமான அளவு ஊறுவதில்லை போலிருக்கிறது. நித்திரையில் கொஞ்சம் சேரும், நாள் போகப் போகத் தீர்ந்துவிடும். காலையில் வந்திருந்தால் தனக்கும் தெரியாமல் போயிருக்கலாம் என்றார்.

காலையில் வந்திருந்தால். அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கந்தளாயில் நின்றுபோன அந்த பஸ்ஸை நான் எவ்வளவு திட்டினேன்! கடற்கரையில் நான் என்ன கேட்டேனோ, அதையே ஆண்டவர் செய்திருந்தார். விளங்கக்கூடிய ஒரே ஒரு ஆளுக்குக் காட்டியிருந்தார்.

வார்ட்டில் சேர்த்தார்கள். சில பரிசோதனைகள் செய்தார்கள். வயதானவர்களுக்குக் கை நடுக்கத்துக்குக் கொடுக்கிற குளிசை ஒன்றை மிகச் சிறிதாகத் தொடங்கினார்கள். இந்த வகை வருத்தம்தான் என்றால் இதற்குக் கேட்கும், இல்லையென்றால் வேறு வழி தேடவேண்டும் என்று டொக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அந்த நாட்களில் நான் பட்ட பாடு எனக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும். ஒவ்வொரு பின்னேரமும் கட்டில் ஓரத்தில் இருந்து அவள் பாதத்தையே பார்ப்பேன். முதலில் வித்தியாசம் தெரியவில்லை. இதுவும் பொய்யாகப் போகிறது என்று நினைத்தேன். பிறகு ஒரு பின்னேரம் அவள் கட்டிலை விட்டு இறங்கி யன்னலடிக்குப் போனாள். பாதம் நேராக இருந்தது. நான் கையை நீட்டிக்கொண்டே பின்னால் போனேன். “அம்மா, கையை எடுங்கோ, கூச்சமாக்கிடக்கு” என்றாள். நான் அந்தத் தரையிலேயே இருந்து அழுதேன். தாதிமார் ஓடி வந்துவிட்டார்கள்.

அன்ரனுக்குப் போனில் விளங்கப்படுத்தினேன். “எண்ணெய் காணாத இஞ்சின். அவ்வளவுதானே? ஊத்தினா ஓடும்” என்றார். எனக்கு அவ்வளவு நேரம் எடுத்தது அவருக்கு ஒரு வசனத்தில் விளங்கிவிட்டது.

ஊருக்கு வந்ததும், நான் முன்பு சொன்ன அதே சகோதரி கேட்டார், “வாழ்நாள் முழுக்கக் குளிசை குடிக்கவேணுமாமே? அப்ப அது முழுச் சுகமோ?”

“அக்கா, நீங்கள் கண்ணாடி போட்டுத்தானே வேதம் வாசிக்கிறீங்கள்” என்றேன். பாஸ்டர் சிரித்துவிட்டு, “நானும் சீனி வருத்தத்துக்குக் குளிசை குடிக்கிறனான் சிஸ்டர்” என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

இதைக் கேட்கிறவர்களில் என்னைப் போல் ஒரு தாய் இருக்கலாம். பிள்ளையின் கண் வெட்டி வெட்டித் துடிக்கலாம், கழுத்துத் திரும்பலாம், கை நடுங்கலாம். பிள்ளையை அடிக்காதீர்கள். நடிக்கிறாள் என்று சொல்லாதீர்கள். முழங்காலில் நில்லுங்கள், டொக்டரிடமும் போங்கள். கெட்ட நேரத்தை மட்டும் சொல்லாமல் நல்ல நேரத்தையும் சொல்லுங்கள். டொக்டர் காணாத நேரத்தைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், எனக்கு அந்தப் புத்தி வரவில்லை. ஜெபிக்க வார்த்தை வரவில்லையா, சண்டை பிடியுங்கள். அவர் அதையும் கேட்கிறார். என் வாயையே பொறுத்தவர் உங்களைப் பொறுக்கமாட்டாரா?

போன கிழமை நான் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றேன். வெளியே பொழுது பட்டுவிட்டது. ஜெனிற்றா வீட்டுக்கு முன்னால் ஒழுங்கையில் மற்றப் பிள்ளைகளோடு ஒற்றைக் காலில் கெந்தி விளையாடிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுத் தாய்மார் தங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஏசுகிற சத்தம் கேட்டது. நானும் வாசலுக்கு வந்து, அவர்களைப் போலவே, “இருட்டிப் போச்சு, உள்ளுக்கு வாடி!” என்று கத்தினேன். அவளுக்குக் கால் இழுக்கத் தொடங்கியதிலிருந்து நான் அப்படிக் கத்த ஒருநாளும் தேவை வந்ததில்லை.

“இன்னும் கொஞ்ச நேரம் அம்மா!” என்றாள்.

விளையாடு பிள்ளை என்று விட்டுவிட்டேன்.