மூன்றாவது கோப்பை யாருக்கு?

வெனியமின் லூகிச் வியாழக்கிழமைகளில் மட்டும் தானே சவரம் செய்துகொள்வார். பக்கவாதத்தில் வலது கை தளர்ந்த பிறகு, மற்ற நாள்களில் சட்டைப் பொத்தானைக்கூட மனைவி ரிம்மாதான் போட்டுவிட வேண்டும். வியாழக்கிழமை மாஸ்கோ ராணுவக் கல்லூரிக்குப் போகும் நாள். ஓய்வுபெற்ற கர்னலான அவருக்கு அங்கே ஆலோசகர் என்று ஒரு நாற்காலி இருந்தது. அது போனால் மனிதர் படுத்த படுக்கையாகிவிடுவார். ரிம்மாவுக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும்.

நாற்காலிக்கு ஆபத்து ஒரு ராணுவ அகராதியால் வந்தது. அதில் ‘கலப்புப் போர்’ என்பதற்குக் கல்லூரி விளக்கம் எழுத வேண்டியிருந்தது. அது ரஷ்யாவின் கோட்பாடு என்று வெளிநாட்டார் எழுதினார்கள். வெளிநாட்டார் நமக்கு எதிராகச் செய்வதற்குத்தான் அந்தப் பெயர் என்று மாஸ்கோவில் எழுதினார்கள். துறைத் தலைவர் ஜெனரல் க்ளெப், ஒரு காலத்தில் வெனியமினிடம் படித்தவர், தானே விளக்கத்தை எழுதினார்: ஒரு குண்டுகூடச் சுடாமல், செய்தியாலும் வர்த்தகத் தடையாலும் வதந்தியாலும் ஒரு நாட்டைப் பணியவைப்பதும் போரே. அகராதிக் குழுவில் எல்லோரும் அதில் கையெழுத்துப் போட்டார்கள். வெனியமின் போடவில்லை.

“ஆயுதம் இல்லாம என்னடா போர்? பகைன்னு சொல்லு, அயோக்கியத்தனம்னு சொல்லு.”

“நீங்க இன்னும் டாங்கியிலயே உக்காந்திருக்கீங்க, தோழர் கர்னல்.”

“அதுல உக்காந்தா எங்க இருக்கோம்னாவது தெரியும்.”

க்ளெப் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “கையெழுத்து இல்லன்னா உங்க பேரையே எடுக்கச் சொல்லுவாங்க. என்னால தடுக்க முடியாது.”

வீட்டில் ரிம்மா சுற்றி வளைக்கவில்லை. “போட்டுத் தொலையேன். நாள் பூரா உன்னைப் புரட்டிப் போட எனக்கு முதுகுல தெம்பு கிடையாது.”

நியாயம்தான். போட்டுவிடுவதென்றே அடுத்த வியாழக்கிழமை கிளம்பினார்.

அன்று துறையில் லாப்கின் என்ற இளம் அதிகாரி மேஜராகியிருந்தான். கணினித் திரைக்கு முன்னாலேயே பணி செய்தவன். அதைக் கொண்டாட உப்பு மீன், கறுப்பு ரொட்டி, வோட்கா எல்லாம் மேசைக்கு வந்தன. வெனியமினின் கோப்பையில் தண்ணீர், ரிம்மாவின் கட்டளை. வழக்கப்படி லாப்கின் தன் தோள்பட்டைக்கான புது நட்சத்திரத்தை முதல் கோப்பையில் போட்டுக் குடித்து, அதைப் பல்லில் கவ்விக் காட்டினான். இரண்டாவது கோப்பை பெற்றோருக்கு. மூன்றாவதற்கு எல்லோரும் எழுந்தார்கள். அது போரில் செத்தவர்களுக்கு. பேசக் கூடாது, கோப்பைகளை மோதக் கூடாது. அந்த மௌனத்தில் வெனியமினுக்கு எப்போதும் ஆப்கன் மலைப்பாதையில் எரிந்த கவச வண்டிதான் நினைவுக்கு வரும். கதவு திறக்காமல் உள்ளே மாட்டிக்கொண்ட பையன்களும்.

‘டிங்’ என்றது. லாப்கின் பக்கத்தில் நின்றவரின் கோப்பையில் மோதியிருந்தான்.

“கண்ணுக்குத் தெரியாத போர்முனையில நிக்கிற நம்ம பசங்களுக்கு!”

“கீழ வைடா!” க்ளெப்பின் கழுத்து சிவந்துவிட்டது. செச்னியாவில் அவரும் ஆட்களை இழந்தவர்.

லாப்கினுக்கு உண்மையிலேயே புரியவில்லை. “அவங்களும் போர்லதானே இருக்காங்க, தோழர் ஜெனரல்?”

“அவனைத் திட்டாத, க்ளெப்,” என்றார் வெனியமின். “நீ எழுதினதத்தான் படிச்சிருக்கான். உன் போர்ல யாரும் சாகவே வேண்டாமே. அப்புறம் நாம யாருக்காக எழுந்து நிக்கிறோம்?”

க்ளெப் கோப்பையைக் காலி செய்துவிட்டு ஜன்னலைப் பார்த்து நின்றார். வெனியமின் கையெழுத்துப் போடாமல் மெட்ரோவைப் பிடித்தார்.

விளக்கம் ஒரு சொல்லும் மாறாமல் மேலிடத்துக்குப் போனது. அவர் பெயர் குழுவிலிருந்து போனது, அதோடு நாற்காலியும்.

மறு வியாழக்கிழமை ரிம்மா சவரத்துக்கு வெந்நீரோடு வந்தாள். கன்னத்தில் பாதி நுரையோடு அவரே கண்ணாடி முன் நின்றிருந்தார்.

“எங்க கிளம்பிட்ட? உன்னைத்தான் துரத்திட்டாங்களே.”

“க்ளெப் வர்றான். அவன் என்னை மறுத்துக் கல்லூரி இதழ்ல கட்டுரை எழுதணுமாம். முதல்ல என் கட்டுரை வரணுமாம், அப்பத்தான் மறுக்க முடியுமாம்.”

ரிம்மா வெந்நீரை வாஷ்பேசினில் கொட்டினாள். சமையலறை மேசையைத் துடைத்து, காகிதத்தையும் பேனாவையும் அவருடைய தளர்ந்த வலது கைப் பக்கமாக வைத்தாள்.

“இந்தக் கையாலதான் எழுதணும். எவ்வளவு நேரமானாலும் சரி.”