நேர் வெளிச்சம் வேண்டாம்

அன்பரசிக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊரப்பாக்கத்தில் ஜெயக்குமாரின் ஸ்டூடியோவில் வீடியோ எடுக்கிறவள் அவள். லைட் பிடிக்கிறவன் நான், மோசஸ். ஊரான் வயலில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம் அவளுடையது. அதில் கேமராவைத் தொட்ட முதல் ஆள் இவள்தான். முதலாளியோடு சண்டை போடாமல் அவளுக்கு ஒருநாளும் பொழுது போகாது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பெண் கறுப்பாக இருந்தால் லைட்டை நேரே முகத்தில் அடிப்போம். முகம் வெளுத்துவிடும். கூடவே மூக்கும் கன்னமும் காணாமல் போய், பின்னாலிருக்கும் பூத்திரையில் ஒட்டிய ஸ்டிக்கர் போல நிற்பாள். வீட்டாருக்கு அதில் பரம திருப்தி. அன்பரசியின் அக்கா கல்யாணத்திலும் எவனோ இதைத்தான் செய்து வைத்தான். அந்த வீடியோவில் எங்க அக்கா எங்கே என்று அவள் இன்றைக்கும் கோபமாகக் கேட்பாள்.

மாமல்லபுரம் கடற்கரையில் ஜோடிகளை எடுக்கப் போனால், கிட்டத்தில் ஒரு படகுக் கயிறு, நடுவில் ஜோடி, தூரத்தில் பாறை, மூன்றும் இருந்தால்தான் கேமராவை ஓடவிடுவாள். லைட் பக்கவாட்டில்தான் வரவேண்டும். "படத்துக்குள்ள நடந்து போவற மாதிரி இருக்கணும் மோசஸு. செவுத்துல போயி முட்டிக்கக் கூடாது" என்பாள்.

போன தை மாதம் திருவிடந்தைப் பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாணம் முடிந்து மாலை வரவேற்பு. மணப்பெண் சுஷ்மிதா நல்ல கறுப்பு. நிறத்தைச் சொல்லியே நாலு சம்பந்தம் தட்டிப்போனதாம். அதனால் பெண் சிவப்பாகத் தெரியணும் என்று அவள் அப்பா கோதண்டராமன் முதலாளியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மேடைக்குப் பக்கத்தில் பெரிய எல்.ஈ.டி. திரை வேறு. நாங்கள் எடுப்பதைச் சபை முழுக்க அப்போதே பார்க்கும்.

அன்பரசி யாரையும் கேட்கவில்லை. ஜோடியைப் பூத்திரையிலிருந்து பத்தடி முன்னால் வரச்சொன்னாள். லைட்டை இடப்பக்கம் வைக்கச் சொன்னாள். திரையில் சுஷ்மிதாவின் ஒரு கன்னம் மினுங்கியது, மறு கன்னத்தில் நிழல். பூக்கள் எங்கோ தூரத்தில் இருந்தன. அழகென்றால் அப்படி ஒரு அழகு.

ஜெயக்குமார் ஓடிவந்தார். "இன்னாம்மா இது, பொண்ணு கறுப்பா கீது? லைட்ட நேரா வைடா மோசஸு!"

நான் பயந்தாங்கொள்ளி. திருப்பிவிட்டேன். திரையில் முகம் மாவாகிப் போனது.

"அண்ணாத்த, நெழல தொடச்சா மூஞ்சியும் கூடவே பூடும்" என்றாள் அன்பரசி.

"நாளைலர்ந்து நீ வேலைக்கு வராத."

"நாளைக்கு வரல. இன்னிக்கி எடுத்து முடிச்சிட்டுதான் போவேன்."

அதற்குள் கோதண்டராமனும் மேடையேறிவிட்டார். "சம்பந்தி வூட்ல பாத்துகினு கீறாங்கம்மா, மானத்த வாங்காத" என்று அன்பரசியிடம் கெஞ்சினார்.

அதுவரை திரையையே பார்த்துக்கொண்டிருந்த சுஷ்மிதா வாய் திறந்தாள். "அவங்க இன்னா, என்னிய புதுசாவா பாக்கறாங்க நைனா? பாத்துதான கட்டிக்கினாங்க. அண்ணா, லைட்ட மொதல்ல இருந்த எடத்துக்கே கொண்டு போங்க."

கோதண்டராமன் ஜெயக்குமாரைப் பார்த்தார். ஜெயக்குமார் என்னை முறைத்தார். என் வேலையும் போகும் என்று எனக்குத் தெரிந்தது. லைட்டைத் தூக்கி இடப்பக்கம் வைத்தேன். யாரும் நகர்த்தாதபடி ஸ்டாண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.