மெயினை இறக்கிப் பார்த்த மென்பொருள்

பாளையம்பட்டியில் ஒரு விசைத்தறிக் கூடத்தின் மாடியில் குடியிருக்கிறோம். அங்கிருந்தபடியே பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு நிரல் எழுதுகிறேன். அம்மா பந்தல்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு சமைக்கிறாள்.

சென்ற ஆண்டு, குழுவில் எல்லோரும் ஒரே மென்பொருளில்தான் நிரல் எழுத வேண்டும் என்று முடிவானது. அது இணையம் வழியாக இயங்குவது. நாம் தட்டுவதெல்லாம் எங்கோ இருக்கிற கணினியில் போய்ச் சேரும். அப்படிப்பட்ட இரண்டு மென்பொருள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எதையும் வரிசை போட்டுப் பார்க்கிறவள் என்று சோதிக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

"உங்க ஊர்ல அது ஒத்துவரலன்னா இங்க ஆபீசுக்கு வந்துருங்க" என்றார் குழுத் தலைவர். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது சாதாரணமில்லை. அம்மா தன் வேலையை விட்டு வர மாட்டாள். அவளைத் தனியே விட்டுப் போக எனக்கு மனமில்லை.

முதலாவது மென்பொருள் பார்த்ததுமே பிடித்துப்போனது. தெளிவான எழுத்து, தேடியது உடனே கிடைத்தது, ஓரத்தில் 'சேமிக்கப்பட்டது' என்று எப்போதும் ஒரு பச்சைக் குறி. இரண்டாவதில் மெனுவுக்குள் மெனு. ஒரு கோப்பைத் திறப்பதற்குள் எரிச்சல் வந்தது. முதலாவதுதான் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

தறிக்கூடம் கீழ்வீட்டு அக்காவுடையது. கரண்ட் போன கையோடு அவர் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். திரும்பி வரும் கரண்ட் ஏறி இறங்கினால் தறி மோட்டார் கருகிவிடும் என்ற பயம். அந்த வேகத்திலேயே பக்கத்தில் இருக்கும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிடுவார். என் மடிக்கணினி பேட்டரியில் ஓடும்; இணையம் தரும் மோடத்துக்கு அந்த இன்வெர்ட்டர்தான் துணை.

ஒரு நாள் அப்படி எல்லாம் அணைந்து, மறுபடி இணையம் வந்தபோது, முதலாவது மென்பொருளில் கடைசியாக எழுதிய பகுதி முழுவதும் காணவில்லை. பச்சைக் குறி மட்டும் அப்படியே இருந்தது.

"அக்கா, இன்வெர்ட்டர ஏன் அமத்துனீக?" என்று படியில் நின்று சத்தம் போட்டேன்.

"கரண்டு போனா எல்லாத்தையுந்தான் அமத்துவோம். ஒனக்குன்னு தனியா ஒரு சட்டமா?"

கோபம் ஆறியபின்தான் உறைத்தது. கரண்ட் போனால் என்னாகும் என்ற சோதனையே என் வரிசையில் இல்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் தறிகள் நின்றதும் கீழே போனேன்.

"அக்கா, ரெண்டையும் ஒருக்கா எறக்குங்க."

"நேத்து எறக்குனதுக்குச் சண்டைக்கு வந்தே. இன்னைக்கு எறக்கச் சொல்லி வாரே. என்ன புள்ள ஆச்சு ஒனக்கு?"

"வேலைக்காகத்தான்க்கா."

"கரண்ட நிறுத்துறதுக்கா சம்பளம் குடுக்காக? எங்களையும் சேத்துவிடு."

சிரித்துக்கொண்டே இறக்கினார். அந்த வாரம் கேட்டபோதெல்லாம் இறக்கினார்.

முதலாவது மென்பொருள் பலமுறை எழுத்தைத் தொலைத்தது. ஒருமுறைகூட அதை ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டாவது, இணைப்பு அறுந்த உடனே சொன்னது: 'கடைசி வரிகள் இன்னும் போய்ச் சேரவில்லை, உங்கள் கணினியில் பத்திரமாக உள்ளன.' இணையம் வந்ததும் தானே சேர்த்துக்கொண்டது. அதன் மெனுவை நாலு நாளில் பழகிக்கொள்ளலாம். சேராததைச் சேர்ந்துவிட்டது என்று சொல்கிற பச்சைக் குறியோடு பழகவே முடியாது. மெனுவின் தொல்லையையும் மறைக்காமல் எழுதி அனுப்பினேன்.

"பாக்கவே நல்லா இல்லையே" என்று இழுத்தார் குழுத் தலைவர். அவரும் நானும் ஒரே கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டோம். நான் தட்டத் தட்ட அவர் திரையிலும் எழுத்து விழுந்தது. சொல்லி வைத்திருந்தபடி அக்கா மெயினையும் இன்வெர்ட்டரையும் இறக்கினார். நான் நிறுத்தாமல் தட்டினேன். திரும்ப ஏற்றியதும் குழுத் தலைவர் போனில் கூப்பிட்டார்.

"பாதி வரியில நின்னுச்சு. இப்ப மீதியும் வந்துருச்சு, ஒரு எழுத்து கொறையல. சரி, இதையே வச்சுக்குவோம். நீங்க அங்கேயே இருங்க."

சாயங்காலம் அம்மா வந்ததும், பெங்களூர் போக வேண்டியதில்லை என்று சொன்னேன். பையை வைத்த கையோடு கீழே இறங்கிப் போனவள், அக்காவோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

இப்போதெல்லாம் கரண்ட் போனால் கீழேயிருந்து முதலில் குரல் வருகிறது.

"புள்ள, எறக்கவா?"

"எறக்குங்கக்கா" என்கிறேன், விசைப்பலகையிலிருந்து கையை எடுக்காமல்.