அனுசியாவின் வகிடு

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கத்து மாடியில் பார்லர் வைத்திருக்கும் வெங்கடேஸ்வரியிடம் ஒரு விக்கைக் கொடுத்துப் பாருங்கள். நிறம் பார்க்கமாட்டாள், நீளம் பார்க்கமாட்டாள். முதல் காரியமாக வகிட்டோரத்தில் பத்து முடியைப் பிடுங்குவாள். பிறகுதான் உங்களை உட்காரச் சொல்வாள். கடையில் விக் மாட்டி வைக்கும் தெர்மாகோல் தலைகள் நான்கு இருக்கின்றன. நான்கும் சுவரைப் பார்த்துத்தான் நிற்கும். கேட்டால் தூசி படியும் என்பாள். தூசிக்கு முகமென்ன, முதுகென்ன?

நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் இப்படி இல்லை. கல்யாணப்பெண் அலங்காரம் என்றால் தளவாய்புரத்திலிருந்து வத்திராயிருப்பு வரைக்கும் அவள் பெயர்தான். அவளுக்குத் தெரிந்தது ஒரே பாடம்: முடி என்றால் அடர்த்தி. எலிவால் சடையோடு வருகிற பெண்ணுக்குச் சவுரி வைத்து, கை தடிமனுக்குப் பின்னி, பூவைச் சுற்றி அனுப்பிவிடுவாள். "கூந்தல் இருக்கிற சீமாட்டி அள்ளியும் முடிவா, கொண்டையும் போடுவா. இல்லாதவ எங்கிட்ட வரட்டும்" என்று வாய் வேறு.

அப்படி வந்தவள்தான் அனுசியா. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி, முப்பத்திரண்டு வயது, வீட்டிலிருந்தே நைட்டி தைத்துக் கொடுப்பவள். மார்பில் புற்றுநோய். மருந்து ஏற்றியதில் தலைமுடி மொத்தமும் கொட்டியிருந்தது. தலையில் சுற்றிய துப்பட்டாவை அவிழ்க்காமலே போனில் தன் பழைய போட்டோவைக் காட்டினாள். ஏறுநெற்றி, அகல வகிடு, மண்டைத்தோல் தெரிகிற மெல்லிய முடி.

"இதே மாதிரி வேணும்க்கா. எம்புள்ளைக்கு அஞ்சு வயசு. என்னைய இப்படித்தான் பாத்திருக்கு. படுத்துக்கிட்டு இந்த வகிட்டுலதான் வெரல ஓட்டிக்கிட்டே தூங்கும்."

வரவழைத்த விக் காடாக இருந்தது. கண்ணாடியில் பார்த்த அனுசியா, "கொறச்சு விடுங்கக்கா, எனக்கு இம்புட்டு முடி கெடையாது" என்றாள். குறைப்பது லேசுப்பட்ட வேலையில்லை. அடிவலை கிழியாமல் ஒவ்வொரு முடியாகப் பிடுங்க வேண்டும். அவசரப்பட்டுக் கத்தரி வைத்தால் குச்சி குச்சியாக நிற்கும். அரை நாள் போய்விடும். வெளியே இரண்டு கல்யாணப்பெண்கள் காத்திருந்தார்கள்.

"இருக்கட்டும்ட்டி. சாமி குடுக்கல, நானாச்சும் குடுத்துட்டுப் போறேன்" என்று சிரித்து அனுப்பிவிட்டாள். இரக்கமும் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. இரக்கத்தோடு சோம்பல் சேர்ந்தால் இப்படித்தான் பேச்சு வரும்.

பத்து நாளில் போன் வந்தது.

"அக்கா, அதைப் போட்டா எம்புள்ள நீ யாருன்னு கேக்குது. கழட்டினா பயந்து அழுவுது. பஸ் ஏற எனக்குத் தெம்பில்ல. செத்த நேரம் வந்து கொறச்சுக் குடுத்துட்டுப் போங்க."

"வாரேன் தாயி. வைகாசி முகூர்த்தம் முடியட்டும்."

அரை மணி நேரப் பஸ் பயணம். வைகாசி முடிந்தது, ஆனி முகூர்த்தம் வந்தது. அனுசியா இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டாள். இரண்டு தரமும் வெங்கடேஸ்வரி வாரேன் என்றுதான் சொன்னாள்.

அடுத்த போன் அனுசியாவின் புருஷன் காளிராஜிடமிருந்து வந்தது. "அக்கா, அனுசியா ஆஸ்பத்திரியிலயே போயிட்டா. சுமங்கலியாப் போறவளுக்குத் தலை நெறையப் பூ வைக்கணும்ங்காக. அந்த விக்க நீங்களே வந்து வச்சு விடுங்க."

அன்று முகூர்த்த நாள்தான். எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினாள். திருமுக்குளத்துப் பக்கத்துச் சந்தில் வீடு. பிறந்த வீட்டுக் கோடிச்சேலை கட்டி, மஞ்சள் பூசிக் கிடத்தியிருந்தார்கள். வெங்கடேஸ்வரி விக்கை வைத்தாள். நெற்றி பாதி மறைந்து, யாரோ ஒரு கல்யாணப்பெண் படுத்திருந்தாள். மூலையில் பக்கத்துவீட்டுக்காரி மடியில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த மகள் தன்ஷிகா சாதாரணமாகச் சொன்னாள்.

"இது எங்கம்மா இல்ல. எங்கம்மா ஆஸ்பத்திரியில இருக்கா."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வெங்கடேஸ்வரிக்கு நெஞ்சில் சூடு வைத்தது போலிருந்தது. இந்தப் பாவம் தன்னால் வந்தது, பெற்ற பிள்ளைக்கே முகம் தெரியாமல் இவள் போகக் கூடாது என்று நினைத்தாள். விக்கைக் கழற்றித் தன் முழங்காலில் மாட்டிக்கொண்டு, காளிராஜிடம் அனுசியாவின் போனை வாங்கி, அந்தப் பழைய போட்டோவைப் பார்த்துப் பார்த்துப் பிடுங்க ஆரம்பித்தாள். வாசலிலிருந்து "எடுக்க நேரமாகுது" என்று இரண்டு முறை குரல் வந்தது. அவள் தலை நிமிரவில்லை. கண்ணீர் விழ விழப் பிடுங்கினாள். நெற்றி ஏறியது. வகிடு அகன்றது. திரும்ப வைத்தபோது இரண்டு முழம் மல்லிகை தாங்குகிற அளவுக்குத்தான் முடி இருந்தது. அனுசியா போட்டோவில் இருந்தபடியே இருந்தாள்.

பாவி மனசு, ஒரு நொடி பூரித்துப் போனது. வாழ்நாளில் அவள் செய்த சுத்தமான வேலை அதுதான்.

தன்ஷிகா பிஸ்கட்டைக் கீழே போட்டாள். மெல்ல வந்து தலைமாட்டில் உட்கார்ந்து, வகிட்டில் விரலை ஓட்டினாள்.

"அம்மா, எப்ப வந்த?" என்றாள். பிறகு தோளைப் பிடித்து உலுக்கினாள். "அம்மா, எந்திரி. எந்திரிம்மா."

தூக்கிக்கொண்டு போகும்வரை பிள்ளை அதையேதான் கத்தியது. நாலு பேர் சேர்ந்துதான் பிரிக்க முடிந்தது.

வைகாசியில் குறைத்திருந்தால் ஒரு மாசமாவது அம்மா கிடைத்திருப்பாள். அன்றைக்குக் குறைக்காமல் விட்டிருந்தால், அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றே பிள்ளை இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கும். குறைக்கக் கூடாத ஒரே நாளில் குறைத்தாள். அன்று சேலையில் ஒட்டி வந்த முடியை எத்தனை தரம் உதறியும் மாதக்கணக்கில் ஒன்றிரண்டு வந்துகொண்டே இருந்தது. சோற்றில்கூட ஒன்று கிடந்தது.

இப்போது கல்யாண அலங்காரத்துக்குப் போவதில்லை. முடி போனவர்கள் எந்தெந்த ஊரிலிருந்தோ அவளைத் தேடி வருகிறார்கள். சொன்ன நாளில் செய்து கொடுக்கிறாள். வேலை முடிந்தால் மற்ற பார்லரில் "எந்திரிங்க" என்பார்கள். வெங்கடேஸ்வரி சொல்வதில்லை. துணியை உதறி மடித்துக்கொண்டு பேசாமல் நிற்பாள். வந்தவர்கள் தாங்களாகவே எழுந்துகொள்ள வேண்டும்.