காலி செய்யச் சொன்ன கேமரா அலமாரி

பழைய டிஜிட்டல் கேமரா வாங்க வருகிறவர்கள் முதலில் "எத்தனை மெகாபிக்சல்?" என்று கேட்பார்கள், வாங்கிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்து "பேட்டரியை எங்க போடறதுங்க?" என்று கேட்பார்கள். சின்னக் கடையில் நின்று காலம் தள்ளுகிறவர்களுக்கெல்லாம் இது புதிதல்ல.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொல்லங்கோட்டில் எங்கள் ஸ்டுடியோவில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைக்காரன் சிவகுமார், என் அக்கா மகன். பாஸ்போர்ட் போட்டோ எடுத்து லேமினேஷன் போடுகிற ரஜிதா. ஸ்டூலில் நான். கண்ணாடி அலமாரியில் ஒன்பது கேமராக்கள். எல்லாம் சட்டைப் பையில் அடங்குகிறவை, ஒருவர் கையில் பழகி அடுத்தவர் கைக்குப் போகக் காத்திருந்தவை. அவற்றையும் ஆட்களோடு சேர்த்து எண்ணுவது என் பழக்கம்.

சிவகுமார் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். பெரிய கேமராப் பையைத் தோளில் மாட்டியபடியே சொன்னான்: "மாமா, நாளைக்குக் காலையில மொபைல் கவர் வருதுங்க. சாயங்காலத்துக்குள்ள இந்த அலமாரி காலியாகோணும். விக்காததை மொத்தமா கோயமுத்தூர்க்காரர்கிட்டத் தள்ளி விட்டுடலாம். நீங்களும் ஊட்டுல நிம்மதியா இருக்கலாமுங்க."

அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். ஆனால் வீட்டு நிம்மதியைவிட அந்த ஸ்டூல் எனக்குப் பிடிக்கும். அலமாரி போனால் ஸ்டூலும் போகும். இதை வாய் திறந்து சொல்ல எனக்கு வராது. "சரி மாப்ள" என்றேன்.

மங்கலாக வேண்டும்

கடை திறந்த கையோடு பக்கத்துச் சித்தூரில் கல்லூரி படிக்கிற மூன்று பெண்கள் வந்தார்கள். தோழியின் கல்யாணத்துக்குப் போகிற வழி. தலையில் பூ, கையில் போன். "போன்லயே நல்லா வருமே அம்மணி?" என்றேன். வியாபாரம் கெட்டாலும் இதை நான் எல்லோரிடமும் முதலில் கேட்டுவிடுவேன். "அதுல ரொம்ப நல்லா வருதுங்க. அதான் வேண்டாமுங்க" என்றாள் மூக்குத்தி போட்டவள்.

இருப்பதிலேயே தெளிவான கேமராவை எடுத்து அவர்களைப் படம் எடுத்துக் காட்டினேன். மூவரும் உதட்டைப் பிதுக்கினார்கள். அடுத்தது இன்னும் நன்றாக வந்தது. அதற்கும் அதே பிதுக்கல். கடைசியில், யாரும் வாங்க மாட்டார்கள் என்று பின்வரிசையில் வைத்திருந்த ஐந்து மெகாபிக்சல் கேமராவை எடுத்தேன். ஃப்ளாஷ் பளீரென்று அடித்தது. முகமெல்லாம் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளை, பின்னால் கடையே காணோம், நடுவில் நின்றவளுக்குக் கண் சிவப்பு. மூவரும் போட்ட சத்தத்தில் ரஜிதா உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

அதையும், அதற்குப் பக்கத்தில் இருந்த அதே மாதிரி இன்னொன்றையும் வாங்கினார்கள். சாதாரண பேட்டரி போட்டால் தாலி கட்டுவதற்குள் தீர்ந்துவிடும், சார்ஜ் ஏறுகிற பேட்டரிதான் போட வேண்டும் என்று சொல்லி அதையும் கொடுத்தேன். கிளம்பும்போது ஒருத்தி, "இது மாதிரி ஒண்ணு எங்கூட்டுப் பரண்மேல கெடக்குதுங்க. கொண்டாந்தா எடுத்துக்குவீங்களா?" என்றாள். வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டுத் தலையை ஆட்டிவிட்டேன். மூக்குத்திப் பெண் இன்னும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, எங்கம்மா கல்யாண ஆல்பத்துல சித்தியெல்லாம் இப்படித்தானுங்க பேயாட்டம் நிக்கறாங்க!"

பன்றி வந்த வருஷம்

அடுத்து வந்தவர் வண்டித்தாவளம் பக்கத்தில் நெல் வயல் வைத்திருக்கிற ஆறுச்சாமி. காட்டுப்பன்றி வயலில் இறங்கியதற்கு நஷ்டஈடு கேட்டு, கிருஷிபவன் என்கிற விவசாய ஆபீசில் காட்டப் படம் எடுத்திருந்தார். படத்தின் மூலையில் தேதி விழ வேண்டும் என்பதற்காகவே சந்தையில் ஒரு பழைய கேமரா வாங்கினாராம். தேதி விழுந்தது. ஆனால் 2009, ஜனவரி ஒன்று என்று விழுந்தது.

இந்தக் கேமராக்களுக்குள் தேதியை நினைவில் வைக்க ஒரு குட்டி பேட்டரி உண்டு. அது செத்துப்போனால், பெரிய பேட்டரியைச் சார்ஜ் போடக் கழற்றும்போதெல்லாம் கேமரா பழைய வருஷத்துக்கே திரும்பிவிடும். அதனால் தேதி கேட்டு வருகிறவர்களுக்கு நான் டீ குடித்துவிட்டுத்தான் கேமரா தருவேன். பேட்டரியைக் கழற்றி மேசைமேல் வைப்பேன். எதிர்க்கடையில் ஒரு டீ. திரும்பி வந்து பேட்டரியைப் போட்டுத் தேதியைப் பார்ப்பேன். அன்று ஆறுச்சாமியும் கூட வந்தார். முதல் கேமரா தேதியை மறந்தது. இன்னொரு டீ. இரண்டாவதும் மறந்தது. மூன்றாவது டீக்கு ஆறுச்சாமி, "நீங்க குடிங்க, நான் பார்த்துக்கறேனுங்க" என்று ஒதுங்கிக்கொண்டார். மூன்றாவது கேமரா மறக்கவில்லை.

அதைக் கொடுத்துவிட்டு அவருடைய கேமராவை மாற்றாக எடுத்துக்கொண்டேன். தேதி வேண்டாதவருக்கு அது நன்றாகவே உழைக்கும். பன்றி தினமும் வருவதால் புதுப் படத்துக்குப் பஞ்சமில்லை என்று அவரே சொல்லிச் சிரித்தார். ஆபீசர் கேட்ட கேள்விதான் அவருக்கு ஆறவில்லை.

"'இத்தனை வருஷம் எங்க போயிருந்தீங்க?'ன்னு கேக்கறாருங்க. அந்தப் பன்னிக்கே ரெண்டு வயசுகூட இருக்காதுங்க!"

சிவப்புக்கு ஆள் வந்தது

மூணாறு பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற செல்வராணி, தங்கை வீட்டுக்கு வந்தவர், மத்தியானத்துக்கு முன்னால் கடைக்குள் நுழைந்தார். நான் வழக்கம்போல "போன் இல்லீங்களா?" என்றேன். "வீட்டுல ஒரு போனுதான். அத அவுக ஜீப்புல கொண்டு போயிருதாக. டூரிஸ்ட்டுக்கெல்லாம் மலையக் காட்டுதாக. நான் பாக்குத மலைய யாரு எடுக்க?" என்றார்.

எனக்கு இந்தக் காரணம் பிடித்துப்போயிற்று. அலமாரியிலேயே அவருக்குப் பொருத்தமானதை எடுத்தேன். சாம்பல் நிறம், லென்சே நீண்டு ஐந்து மடங்கு பக்கத்தில் கொண்டுவரும், பேட்டரி எங்கேயும் கிடைக்கும். அவர் கண் பக்கத்தில் இருந்த சிவப்பின் மேல் இருந்தது. அது மூன்று மடங்குதான், திரையில் ஒரு கீறல் வேறு. எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "கீறல் படத்துல விழுமா ஐயா?" "விழாதும்மா." "அப்ப அது கெடக்கட்டும்." எஸ்டேட் பனியில் லென்சுக்குப் பூஞ்சை பிடிக்கும், அதனால் அரிசியைத் துணியில் முடிந்து கேமராவோடு ஒரு டப்பாவில் மூடி வைக்க வேண்டும் என்றேன். அதையும் திருப்பிச் சொல்லிக் காட்டினார். ஆனாலும் எனக்கு மனம் கேட்காமல் சாம்பலை இன்னொரு முறை நீட்டினேன்.

"ஐயா, எங்க மலையில பச்சையும் பனியுந்தான் இருக்கு. கையிலயாவது செவப்பா ஒண்ணு இருக்கட்டுமே!"

பரண் இறங்கியது

மத்தியானச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவுவதற்குள் ஒருவர் மஞ்சப்பையோடு வந்து நின்றார். உள்ளே ஒரு கேமரா. அவருக்குப் பின்னால் இன்னொருவர், பிஸ்கட் டப்பாவோடு. ரஜிதாதான் போனைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அந்தப் புள்ளைங்க ஸ்டேட்டஸ் போட்டிருக்காங்க மாமா. கொல்லங்கோட்டுல பழைய கேமரா எடுப்பாங்கன்னு." காலையில் நான் ஆட்டிய ஒரு தலையாட்டல் இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை. காலி செய்யச் சொன்ன அலமாரி! ஒவ்வொருவரையும் பார்த்து "இன்னைக்கு வேண்டாமுங்க" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வித்த பொறகுதான் காசுங்க" என்று வந்தது. எல்லோரும் சரி என்றார்கள்.

பத்துக் கேமராக்கள் வந்தன. ஒன்று கடற்கரைக்குப் போய் வந்தது. லென்ஸ் நீளும்போதே மணல் நறநறத்தது, திருப்பிக் கொடுத்துவிட்டேன். இன்னொன்றை ஒரு கணவனும் மனைவியும் கொண்டுவந்தார்கள். சார்ஜ் ஏற்றித் திறந்தால் திரையில் முதல் படமே அந்தக் கணவர், நெற்றியை மறைக்கிற சுருட்டை முடியோடு. எதிரே நின்றவருக்கு இப்போது அந்த இடம் வெறுமையாக, வழவழவென்று இருந்தது. அவர் அவசரமாக, "எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க" என்றார். மனைவி என் கையிலிருந்து கேமராவை வாங்கி முந்தானையில் துடைத்தார்.

"இந்த முடிக்காகவே இது எங்கூட்டுலயே இருக்கட்டுமுங்க!"

சிவகுமார் திரும்பி வந்தான்

மீதி எட்டும் அலமாரிக்குள் ஏறின. கொண்டுவந்தவர்களில் மூன்று பேர், வெறும் கையோடு போக மனமில்லாமல், அலமாரியிலிருந்து ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு போனார்கள். அப்படியும் இடம் போதவில்லை. மேல்தட்டில் இருந்த பூச்சாடியைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, சிவகுமாரிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி துடைத்த கேமராவையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். கோயமுத்தூர்க்காரருக்கு இத்தனையும் போனால், கொடுத்தவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

சிவகுமார் வந்தான். பையை இறக்கினான். அலமாரியைப் பார்த்தான்; கீழ்த்தட்டு, மேல்தட்டு, தரையில் பூச்சாடி. நான் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றுகொண்டேன். அவன் கேட்டது வேறு: "மாமா, மண்டபத்துல மூணு புள்ளைங்க ஒரு சின்னக் கேமரா டப்பாவைக் கையில வெச்சுட்டு வந்தாங்க. இங்க வாங்குனதுங்களா?"

"ஆமா மாப்ள."

"என்னோட பெரிய கேமராவை ஒருத்தரும் பார்க்கலீங்க. 'சிரிங்க, சிரிங்க'ன்னு தொண்டை வத்திப் போச்சு. பொண்ணும் மாப்பிள்ளையும் அந்த டப்பாவைப் பார்த்து உழுந்து உழுந்து சிரிக்கறாங்க. பொண்ணோட அப்பாவே வரிசையில நிக்கறாரு." சொல்லிவிட்டு அலமாரிக் கதவைத் திறந்து, பரணிலிருந்து வந்த ஐந்து மெகாபிக்சல் ஒன்றை எடுத்து ரஜிதாவைப் படம் எடுத்தான். முகம் சுண்ணாம்பு, கண் சிவப்பு. அவள் "அய்யே!" என்று கத்தியதும் அவனுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. கேமராவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். பிறகு காலால் ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினான்.

"கவரை வாசல்ல கம்பி கட்டித் தொங்க விட்டுக்கலாம், நீங்க உக்காருங்க மாமா!"

காலையில் ஒன்பதாக இருந்து சாயங்காலத்துக்குள் காலியாக வேண்டிய அலமாரியில் கடை சாத்தும்போது மிச்சம் பத்து, ஸ்டூலில் இருந்தவனையும் சேர்த்தால் பதினொன்று.